30 டாலர் பெட்டியா, 65 டாலர் பெட்டியா? மான் வேட்டைக்குக் குண்டு தேர்வு

வாசகர் கேள்வி, 2023 செப்டம்பர் 3

டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் நண்பர்களோடு சேர்ந்து இந்த ஆண்டு முதன்முறையாக ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். என்னிடம் இருப்பது .30-06 ரைஃபிள். கடையில் 20 தோட்டாக்கள் கொண்ட சாதாரணப் பெட்டி 30 டாலரை ஒட்டி விற்கிறது. அதே எடையில் உயர்ரகக் குண்டு பொருத்திய பெட்டி 65 டாலர் வரை போகிறது. வெள்ளைவால் மானுக்கு இந்த இரட்டிப்பு விலை தேவைதானா, இல்லை விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணமா?

2023 செப்டம்பர் 4

ஹில் கன்ட்ரியில், 200 கஜத்துக்குள், .30-06-ஐக் கொண்டு வெள்ளைவால் மானைச் சுடுவதற்குச் சாதாரணப் பெட்டியே போதும். அங்குள்ள மான்கள் சிறியவை. குடல் நீக்கிய பிறகு பெரும்பாலும் 30 முதல் 40 கிலோதான் இருக்கும். ஈயக் கருவின் மேல் செம்பு உறை போர்த்திய எளிய குண்டு (தோட்டாவிலிருந்து பறந்துபோகும் முனைப் பகுதி), விலா எலும்பைத் துளைத்து நுரையீரலில் விரிந்து மறுபக்கம் வெளியேறுவதற்கு வேண்டிய வலு அந்தத் துப்பாக்கியில் தேவைக்கு மேலாகவே இருக்கிறது. ரெமிங்டன் கோர்-லாக்ட் குண்டு 1939-இல் சந்தைக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அதையும் அதன் வகையைச் சேர்ந்த மற்றக் குண்டுகளையும் கைவிடவில்லை.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலரும் பெட்டி விலையையே ஒப்பிடுகிறார்கள். வேட்டையில் நாம் செலவழிப்பது பெட்டியை அல்ல, ஒன்றிரண்டு தோட்டாக்களை. 30 டாலர் பெட்டியில் ஒரு தோட்டா ஒன்றரை டாலர், 65 டாலர் பெட்டியில் மூன்றேகால் டாலர். ஒரு பருவத்தில் இரண்டு மான்களை எடுத்து மொத்தம் நான்கு தோட்டாக்களைச் செலவழித்தாலும் வித்தியாசம் 7 டாலர்தான். குத்தகைப் பங்கு, உரிமம், பெட்ரோல், இறைச்சியை வெட்டிப் பொட்டலம் கட்டித் தருபவருக்கான கூலி ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தால் இந்த 7 டாலரைப் பற்றி விவாதிக்கவே வேண்டியதில்லை.

ஆகவே, விலை குறைந்த குண்டே போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அது மலிவு என்பதன்று. அந்த வேலைக்கு அது பொருத்தமானது என்பதால்தான் சொல்கிறேன்.

2023 செப்டம்பர் 5

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, அந்த 7 டாலர் கணக்கில் பயிற்சிச் செலவு சேரவில்லை என்பது தெரிகிறது. துப்பாக்கியின் மேலுள்ள தொலைநோக்கியைச் சரிசெய்யவும், உட்கார்ந்தும் முழங்காலிட்டும் சுட்டுப் பழகவும், பருவத்துக்கு முன் 60 தோட்டாக்களாவது வேண்டும். அங்கே 65 டாலர் பெட்டியை வாங்கினால் ஏறத்தாழ 105 டாலர் கூடுதலாகப் போகும். உண்மையான விலை வித்தியாசம் பயிற்சித் தளத்தில்தான் இருக்கிறது. மான் நிற்கும் இடத்தில் இல்லை.

இதைத் தவிர்க்க, மலிவான தோட்டாவில் பழகிவிட்டு வேட்டைக்கு மட்டும் உயர்ரகத்தை எடுத்துச் செல்லலாம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் உங்கள் துப்பாக்கியில் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று தாளில் சுட்டுப் பார்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும். குண்டு ஒரே 150 கிரெய்ன் எடையாக இருந்தாலும் (15 கிரெய்ன் ஏறத்தாழ ஒரு கிராம்), 100 கஜத்தில் இரண்டு அங்குலம் தள்ளி விழுவது சாதாரணம். நான் கைக்கொள்ளும் வழி வேறு: உடல் நிலையையும் விசை இழுப்பையும் .22 ரிம்ஃபயர் என்ற சிறு துப்பாக்கியில் பழகுகிறேன், அங்கே ஒரு தோட்டாவுக்குப் பத்து சென்ட் அளவில்தான் ஆகிறது. பெரிய துப்பாக்கியில், வேட்டைக்கு எதைக் கொண்டுபோகிறேனோ அதையே சுட்டுச் சரிபார்த்துக்கொள்கிறேன்.

2023 செப்டம்பர் 9

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். கடை அலமாரியில் தெரியும் வரிசையையே எடுத்துக்கொள்வோம்.

அடித்தளத்தில் இருப்பது ஈயக் கருவும் மெல்லிய செம்பு உறையும் கொண்ட சாதாரணக் குண்டு. பெருமளவில் செய்து தள்ளுவதால் மலிவு. மானில் பட்டதும் வேகமாக விரியும். விரியும்போது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ சிறு துகள்களாக இழந்துவிடும்.

அடுத்தது கருவையும் உறையையும் பிரியாதபடி இணைத்துச் செய்த குண்டு. பாண்டட் என்று பெட்டியில் எழுதியிருக்கும். எடையில் பெரும்பகுதி தங்கும். இதில் இப்போது நடுத்தர விலையிலேயே நல்ல பெட்டிகள் கிடைக்கின்றன.

பிறகு நோஸ்லர் பார்ட்டிஷன். இதன் பின்னணி நம் கேள்வியோடு நேரடியாகச் சேர்ந்தது. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் என்ற அதிவேகத் தோட்டாவைக் கொண்டு மூஸ் என்ற மிகப் பெரிய மான் ஒன்றைச் சுட்டார். அந்த வேகத்தில் அக்காலத்துக் குண்டுகள் ஆழமாக இறங்காமல் மேலேயே உடைந்துபோயின. அவர் ஊருக்குத் திரும்பி, குண்டின் நடுவில் ஒரு செம்புச் சுவரை வைத்து, முன்னால் ஓர் ஈயக் கரு, பின்னால் ஓர் ஈயக் கரு என்று இரண்டாகப் பிரித்தார். முன்பாதி விரிந்து சிதறினாலும் பின்பாதி முழுதாக உள்ளே போகும். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. ஒரே குண்டில் இரண்டு அறைகளைச் செய்து இரண்டு கருக்களை இட வேண்டியிருப்பதால் அதன் விலை இன்றும் இறங்கவில்லை.

கடைசியாக, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு. பார்ன்ஸ் நிறுவனம் 1980-களின் இறுதியில் எக்ஸ் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. முனையில் உள்ள குழி திறந்து நான்கு இதழ்களாக விரியும். எடையில் ஏறத்தாழ முழுவதும் தங்கும். செம்பு ஈயத்தைவிட விலை அதிகம், செய்முறையில் துல்லியம் வேண்டும், விற்பனை அளவும் குறைவு. இம்மூன்றும் சேர்ந்து விலையை உயர்த்துகின்றன.

நீங்கள் வாங்கும் பெட்டி எதுவானாலும் அதற்குள் உற்பத்தியாளர் செலுத்திய 11 சதவீதக் கூட்டாட்சி வரி அடங்கியிருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி அந்தப் பணம் மாநிலங்களின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. தோட்டாவுக்குக் கொடுக்கும் பணத்தில் இந்த ஒரு பகுதியைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

2023 செப்டம்பர் 10

மேலே உள்ள வரிசையைப் படிக்கட்டாக எண்ணிக்கொண்டு, "பணம் இருந்தால் மேல்படி" என்று ஒருவர் முடிவுகட்டியிருக்கிறார். அப்படிக் கொள்ள வேண்டாம். எந்தக் குண்டு நன்றாக வேலை செய்யும் என்பதை, அது விலங்கின் மேல் படும் நேரத்தில் உள்ள வேகமே முடிவு செய்கிறது.

.30-06-இல் சாதாரண 150 கிரெய்ன் குண்டு குழாயை விட்டு வெளிவரும்போது வினாடிக்கு ஏறத்தாழ 2900 அடி வேகத்தில் போகும். 200 கஜத்தில் அது 2340-ஐ ஒட்டி இறங்கியிருக்கும், 300 கஜத்தில் 2080. சாதாரணக் குண்டுக்கு மிகவும் இணக்கமான எல்லை இந்த 2000-க்கும் 2600-க்கும் இடைப்பட்டதுதான். முழுச் செம்புக் குண்டு ஒழுங்காக விரிய 1800 முதல் 2000 வரையாவது வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே அது முழுதாக விரியாமல் குறுகிய துளையோடு வெளியேறிவிடக்கூடும். தொலைதூரத்தில், வேகம் அடங்கிய நிலையில், 65 டாலர் செம்புக் குண்டைவிட 30 டாலர் ஈயக் குண்டு நன்றாக விரியும் சந்தர்ப்பம் உண்டு.

மறுபுறம், மிக அருகில் மிக வேகமாகப் படும்போது நிலைமை தலைகீழாகிவிடும். எங்கள் குத்தகையில் உடன் வரும் நண்பர் .270 வின்செஸ்டர் வைத்திருக்கிறார்; 130 கிரெய்ன், வெளிவரும் வேகம் 3060. தீவனப் பெட்டிக்கு அருகில், 50 கஜத்துக்கும் குறைவான தூரத்தில், ஒரு பெண்மானை முன்தோளில் சுட்டார். மான் அங்கேயே விழுந்தது. தோலை உரித்தபோது ஒரு தோள் முழுவதும் இரத்தம் கட்டிக் கூழாகியிருந்தது. எலும்புத் துண்டுகளும் உறைத் துண்டுகளும் விலாவரை பரவியிருந்தன. ஒரு தோளின் இறைச்சியைக் கழித்துக் கொட்ட வேண்டியதாயிற்று. இந்த இழப்புக்கும் ஒரு விலை உண்டு. அதைப் பெட்டியின் மேல் யாரும் ஒட்டுவதில்லை.

2023 செப்டம்பர் 11

"முழு உலோக உறை போட்ட இராணுவ வகைத் தோட்டா இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று கேட்டவருக்கு: அது விரியாது. பென்சில் அளவுக்குத் துளையிட்டுக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மான் வெகுதூரம் ஓடி, எங்கோ வதைபட்டுச் சாகும். பல மாநிலங்களில் பெருவிலங்கு வேட்டைக்கு அது சட்டவிரோதம். கொலராடோவில் விரியும் குண்டு கட்டாயம். மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன், எல்க் என்ற பெரிய மான் இனத்துக்கு 85 கிரெய்ன் என்று எடையையும் நிர்ணயித்திருக்கிறார்கள். தாளில் ஓட்டை போடுவதற்கு மட்டும் அந்தப் பெட்டியை வாங்குங்கள்.

2023 செப்டம்பர் 17

கேள்வி கேட்டவர் இரண்டு வகைப் பெட்டிகளை வாங்கிச் சுட்டுவிட்டு எழுதியிருக்கிறார்: மலிவான பெட்டி 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் குரூப் (தாளில் குண்டுகள் விழுந்த பரப்பு) போட்டது, விலை உயர்ந்த பெட்டி இரண்டரை அங்குலம்.

இது எனக்கு வியப்பாக இல்லை. ஒவ்வொரு குழாய்க்கும் ஏற்ற தோட்டா ஒன்று இருக்கும். விலை அதை முன்கூட்டிச் சொல்லாது. ஆனால் மூன்று குண்டுகளை மட்டும் சுட்டு அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று குண்டுகள் நெருங்கி விழுவது தற்செயலாகவும் நடக்கும். ஐந்தாகச் சுட்டு, குழாயை நன்றாக ஆறவிட்டு, மறுபடியும் ஐந்து சுட்டுப் பாருங்கள். செம்புக் குண்டுக்கு மாறும் முன் குழாயில் படிந்துள்ள பழைய கறையை முற்றிலும் நீக்கிவிட்டுச் சுடுவதும் நல்லது; சுத்தம் செய்யாத குழாயில் செம்புக் குண்டு சிதறி விழுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல அகலம். 150 கஜத்துக்குள் சுடப்போகிறவருக்கு ஒன்றரை அங்குலமும் இரண்டரை அங்குலமும் காட்டில் ஒரே பயனைத்தான் தரும். துப்பாக்கியை மேசையில் தாங்கிச் சுடும் குரூப்பைச் சுருக்குவதற்காகப் பெட்டி பெட்டியாக வாங்கிச் செலவழிக்கிறவர்கள், மேசை இல்லாமல் முழங்காலிட்டுச் சுட்டால் எவ்வளவு விரிகிறது என்று ஒருமுறை பார்க்கட்டும். பணம் எங்கே போக வேண்டும் என்பது அப்போது புரியும்.

2023 செப்டம்பர் 24

எல்க் வேட்டைக்குக் கொலராடோ போவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். மேலே சொன்னதை அப்படியே எல்க்குக்கும் கொள்ளலாமா என்று கேட்கிறார். கூடாது.

முதிர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். தோள் எலும்பு தடிமனானது. நமக்குக் கோணலாகத் திரும்பி நிற்கும் விலங்கில், குண்டு வயிற்றின் பின்பகுதியிலிருந்து நுழைந்து முன்மார்பை எட்ட வேண்டிய நிலையும் வரலாம். உடைந்து பாதி எடையை இழந்த குண்டுக்கு அந்த ஆழம் எட்டாது. எங்களோடு மலைக்கு வந்தவர் .300 வின்செஸ்டர் மேக்னத்தில் சாதாரண 180 கிரெய்ன் குண்டு வைத்திருந்தார். 100 கஜத்துக்குக் குறைவான தூரத்தில், தோளில் பட்ட முதல் குண்டு எலும்பிலேயே நொறுங்கிவிட்டது. இரண்டாவது குண்டு விலாவில் பட்ட பிறகுதான் விலங்கு விழுந்தது. அறுத்துப் பார்த்தபோது, முதல் குண்டின் உறை வெறுமையாகத் தோலுக்கும் எலும்புக்கும் இடையே கிடந்தது. கரு துகள்துகளாகப் போயிருந்தது. குண்டின் தரத்தைக் குறைசொல்ல மாட்டேன். 2300 அடி வேகத்துக்கு ஏற்ற குண்டை 2800-க்கு மேற்பட்ட வேகத்தில் எலும்பின்மேல் செலுத்தினால் வேறு என்ன நடக்கும்?

செலவுக் கணக்கும் அங்கே மாறிவிடுகிறது. வெளிமாநிலத்தவருக்குக் கொலராடோவில் எல்க் உரிமம் மட்டும் 700 டாலருக்கு மேல். பயணம், கூடாரம், விடுமுறை நாட்கள் எல்லாம் சேர்ந்தால் ஆயிரக்கணக்கில் போகும். ஒரே ஒரு சந்தர்ப்பம் அமைவதே அரிது. அந்தச் சந்தர்ப்பத்தில் இரண்டு டாலரை மிச்சம் பிடிப்பதில் பொருளே இல்லை. பார்ட்டிஷனோ, பாண்டட் வகையோ, முழுச் செம்போ, எது உங்கள் குழாய்க்குப் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2023 அக்டோபர் 8

சில வாரங்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதை இப்போது எழுதுகிறேன். செப்டம்பர் 4 அன்று நான் எழுதிய முடிவின் மேல் இது ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது.

சாதாரணக் குண்டு துகள்களாக எடையை இழக்கும் என்று எழுதினேன். அந்தத் துகள்கள் எங்கே போகின்றன? இறைச்சிக்குள்தான். 2008-இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்காக உணவு வங்கிகளுக்குத் தானம் செய்யப்பட்ட மான் கொத்துக்கறியைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தபோது ஈயத் துகள்கள் தெரிந்தன. அதை விநியோகிக்க வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அதே ஆண்டில் மினசோட்டாவில் ஆட்டு உடல்களின்மேல் சுட்டுச் சோதித்தபோது, காயத்திலிருந்து ஏறத்தாழ ஓர் அடி தூரம்வரை துகள்கள் பரவியிருந்தன. பல துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. நாக்கிலும் பல்லிலும் அகப்படாதவை. காயத்தைச் சுற்றி நான்கு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டால் போதும் என்ற பழைய பழக்கம் போதாது என்பது இதனால் தெரிகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வடக்கு டகோட்டாவில் 738 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, வேட்டை இறைச்சி உண்பவர்களின் இரத்தத்தில் ஈயம் சற்றே கூடுதலாக இருந்தது. ஆனால் ஒருவருக்கும் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டவில்லை. பெரியவர்கள் எப்போதாவது உண்பதில் பதற்றப்பட ஒன்றுமில்லை என்று இதைக்கொண்டு சொல்பவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு அந்த வாதம் பொருந்தாது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைப் பாதுகாப்பான அளவு என்று சொல்ல முடியாது என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிலைப்பாடு. கவனிக்க வேண்டிய எல்லையை அவர்கள் 2021-இல் 5-இலிருந்து 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தார்கள்.

எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுவதும் மான்கறிதான். மிளகு சேர்த்து வறுவல், கொத்துக்கறியில் கோலா உருண்டை; இரண்டையும் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் தட்டில் விழும் உணவுக்காக ஒரு தோட்டாவுக்கு ஒன்றே முக்கால் டாலர் கூடுதலாகக் கொடுப்பதைச் செலவென்று கருத எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பருவம் நான் என் .308 ரைஃபிளில் முழுச் செம்புக்கு மாறுகிறேன்.

மானைக் கொல்வதற்குச் சாதாரணக் குண்டு போதும் என்ற என் கருத்து அப்படியே நிற்கிறது. கேள்வி இறைச்சியைப் பற்றியதாகிவிட்டால் பதில் வேறு.

2023 அக்டோபர் 9

"பாண்டட் வாங்கினால் ஈயப் பிரச்சினை தீராதா?" குறையும், முழுதாகத் தீராது. எடையில் பத்து சதவீதம் போனாலும் 150 கிரெய்னில் 15 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ ஒரு கிராம் ஈயம் விலங்குக்குள் தங்கிவிடும். விலாவில் மட்டும் பட்டு வெளியேறினால் தோள் இறைச்சிக்கும் பின்காலுக்கும் பெரும்பாலும் போகாது. தோளில் பட்டால் அந்தத் தோளைக் கொத்துக்கறிக்கு அனுப்பாதீர்கள். அரைக்கும் இயந்திரம் துகள்களை எல்லாக் கறியிலும் கலந்துவிடும்.

2023 அக்டோபர் 15

எடையைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி 8.9. ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். அதை நிலையாகச் சுழற்றக் குழாயின் உட்புறத் திருகுவரிகளின் முறுக்கு போதாமல் போகலாம், தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கான இடமும் குறையும். ஆகவே ஒருபடி இலேசான எடையை எடுங்கள். ஈயத்தில் 180 கிரெய்ன் சுட்டவர் செம்பில் 165-ஓ 150-ஓ, ஈயத்தில் 150 சுட்டவர் செம்பில் 130. எடை குறைவதால் வேகம் கூடும், வேகம் கூடுவதால் விரிவதும் உறுதியாகும். எடையை இழக்காததால் ஆழமும் குறையாது. அதே எடைதான் வேண்டும் என்று அடம்பிடித்து, சிதறும் குரூப்பைப் பார்த்துவிட்டுச் செம்பைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கலிபோர்னியாவில் வேட்டையாடுகிறவர்களுக்கு இந்த விவாதமே இல்லை. காண்டோர் கழுகுகள் 1982-இல் 22 மட்டுமே எஞ்சியிருந்தன. வளர்த்துத் திரும்ப விட்ட பறவைகளையும், வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலில் இருந்த ஈயம் கொன்றுகொண்டே இருந்தது. காண்டோர் வாழும் பகுதிகளில் 2008 முதலும், மாநிலம் முழுவதும் 2019 ஜூலை 1 முதலும் வேட்டைக்கு ஈயம் இல்லாத குண்டு கட்டாயமாகிவிட்டது. அரிசோனா வேறு வழியில் போனது: கட்டாயப்படுத்தவில்லை, காண்டோர் பகுதியில் உரிமம் பெற்றவர்களுக்கு 2005 முதல் மாநில வேட்டைத் துறையே ஈயமில்லாத தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்தது. விலைதான் தடை என்றால் அந்த விலையை எடுத்துவிடுவோம் என்று யோசித்தவர்களை நான் மெச்சுகிறேன். பெரும்பான்மையான வேட்டைக்காரர்கள் விரும்பியே ஒத்துழைத்தார்கள்.

2023 அக்டோபர் 21

விசாவில் இருப்பவர் தோட்டா வாங்கலாமா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: ஹெச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியாகும் நாளில் விலக்கும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். மற்றொன்று: வேட்டைக்குக் கொண்டுபோன பையை ஊருக்குப் போகும் பயணத்தில் எடுத்துச் செல்லவே செல்லாதீர்கள். பக்கப்பையில் மறந்துவிட்ட ஒரே ஒரு தோட்டாவுக்காகவும் இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவு செய்வார்கள்.

2023 நவம்பர் 5

நேற்றுப் பருவம் திறந்தது. காலையில் ஒரு பெண்மான் 110 கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. .308, 130 கிரெய்ன் செம்பு, தோளுக்குச் சற்றுப் பின்னால். மான் ஏதும் படாததுபோல் ஓடிச் சீமைக்கருவேலப் புதருக்குள் மறைந்தது. ஐம்பது அறுபது கஜம் தாண்டி விழுந்து கிடந்தது. நுழைந்த துளை விரல் அளவு, வெளியேறிய துளை ஒரு ரூபாய் நாணயம் அளவு. இரத்தத் தடம் தெளிவாக இருந்தது. இரண்டு தோள்களும் சுத்தமாக இருந்தன; கழித்துக் கொட்டியது ஒரு கைப்பிடிகூட இல்லை.

ஈயக் குண்டில் இதே இடத்தில் பட்ட மான்கள், என் அனுபவத்தில், இன்னும் சீக்கிரம் விழுந்திருக்கின்றன. துகள்கள் நுரையீரலைக் கிழிப்பதில் அந்த வேகம் இருக்கிறது. இதைச் செம்பின் குறை என்றே பதிவு செய்கிறேன். எல்லை வேலிக்கு அருகில் சுடுகிறவருக்கு அறுபது கஜம் பெரிய விஷயம். மான் பக்கத்து நிலத்தில் விழுந்தால் அனுமதி கேட்டு அலைய வேண்டியிருக்கும். செம்பு வைத்திருப்பவர்கள் தோளுக்குப் பின்னால் சுடுவதைவிட, தோள் எலும்பின் மேலேயே வைத்துச் சுடுவது நல்லது என்று மூத்த வேட்டைக்காரர்கள் சொல்வதன் காரணம் இப்போது எனக்குத் தெளிவாகிறது. எலும்பு குண்டை விரியவைக்கும், மானையும் அங்கேயே வீழ்த்தும், ஈயம் இல்லாததால் இறைச்சிச் சேதமும் அவ்வளவு இராது.

2023 நவம்பர் 26

காட்டுப் பன்றிகளுக்கு எந்தக் குண்டு என்று கேட்டிருக்கிறார்கள். டெக்சஸில் பன்றிக்குப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. பயிரைக் காக்க ஓர் இரவில் பத்து இருபது தோட்டாக்களைச் செலவழிக்கும் விவசாயிக்கு ஒரு தோட்டாவின் விலை உண்மையிலேயே பெரிய பொருட்டு. அங்கே மலிவான விரியும் குண்டுதான் என் பதில். முதிர்ந்த ஆண் பன்றியின் தோளைச் சுற்றிக் கேடயம்போல் தடித்த பகுதி உண்டு, சாதாரணக் குண்டானாலும் .308 அளவில் அதைத் துளைக்கும். சுட்ட பன்றியைச் சமைக்கப்போவதானால் அக்டோபர் 8-இல் எழுதியது இதற்கும் பொருந்தும். அப்படியே விட்டுவிடப்போவதானால், அதைத் தின்ன வரும் கழுகுகளையும் பருந்துகளையும் நினைத்துப் பாருங்கள். குறைந்தபட்சம் புதைத்துவிடலாம். இரவு முழுவதும் சுட்ட விவசாயிக்கு அதுவும் கூடுதல் வேலைதான் என்பதை அறிவேன், ஆயினும் கேட்கிறேன்.

2024 ஜனவரி 8

பருவம் முடிந்தது. முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: 30 டாலர் பெட்டியையே வைத்துக்கொண்டு 90 கஜத்தில் ஒரு மானை எடுத்தார், விலாவில் பட்டது, இருபது கஜத்துக்குள் விழுந்தது. காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டுப் பின்கால்களையும் முதுகுத் தசையையும் மட்டும் வைத்துக்கொண்டார், விலாக்கறியை அரைக்கவில்லை. மிகச் சரியான காரியம். வீட்டில் குழந்தை பிறக்கப்போவதால் அடுத்த ஆண்டு செம்புக்கு மாற விரும்புவதாகவும், இப்போதே வாங்கலாமா என்றும் கேட்கிறார்.

இப்போதே வாங்குங்கள். பருவம் முடிந்ததும் சில கடைகள் விலையைக் குறைக்கின்றன, உற்பத்தியாளர்கள் பணம் திருப்பித் தரும் சலுகைகளையும் அறிவிக்கின்றனர். 2020, 2021-இல் தோட்டாத் தட்டுப்பாட்டால் கடை அலமாரிகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, செப்டம்பர்வரை காத்திருப்பதில் என்ன ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில், இப்போது சுடுவதைவிட ஒருபடி இலேசான எடையில் ஒரே ஒரு பெட்டியை வாங்கிச் சுட்டுப் பாருங்கள். உங்கள் குழாய்க்குப் பிடித்திருந்தால் அதே கடைக்கு அதே வாரத்தில் திரும்பிப் போய், பெட்டியின் மடலில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை (உற்பத்தித் தொகுதியின் எண்) பார்த்து, அதே எண்ணுள்ள மூன்று பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். லாட் மாறினால் விழும் இடமும் சற்று மாறலாம். இந்தக் கோடையில் பயிற்சிக்கும் சரிபார்க்கவும் ஒன்றரைப் பெட்டி போனாலும், மீதித் தோட்டாக்கள், வருடத்துக்கு இரண்டு மான் என்ற கணக்கில், பல பருவங்களுக்கு வரும். வெயில் படாத, ஈரம் இல்லாத அலமாரியில், பூட்டி வையுங்கள்.